நம் தொட்டியில் இறங்குவது எந்த ஊர்த் தண்ணீர்?

நம் பள்ளியின் பின்வாசலை அறியாத மாணவி இல்லை. காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே அங்கே ஒரு லாரி வந்து நின்றுவிடும். தடித்த ரப்பர்க் குழாயை இழுத்துத் தரைத்தொட்டியின் வாயில் செருகுவார்கள். 12,000 லிட்டர் தண்ணீர் பேரிரைச்சலோடு உள்ளே இறங்கும். கீழ் வகுப்புக் குழந்தைகள் வரிசை கலைந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். உடற்பயிற்சி ஆசிரியை அவர்களை விரட்டுவார். கோடையில் சில நாள்களில் இரண்டு லாரி, மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு. பழகிப்போன காட்சி. பழகிப்போன காரணத்தினாலேயே அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நம்மில் ஒருவரும் கேட்டதில்லை.

கேட்க வைத்தது ஒரு கட்டுரை நோட்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தமிழாசிரியை அம்மா "நீர்வளம் காப்போம்" என்ற தலைப்பைக் கொடுத்தார்கள். நாங்கள் நாற்பத்தைந்து பேரும் ஏறத்தாழ ஒரே கட்டுரையை எழுதினோம். வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த இடத்தை மழைக்குக் கொடுத்தார், குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கக் கூடாது, மரம் நட வேண்டும், முடிந்தது. ஒருத்தி மட்டும் இரண்டே வரி எழுதியிருந்தாள். "எங்கள் ஊரில் தண்ணீர் நிறைய இருக்கிறது. அது லாரியில் இருக்கிறது." ஆசிரியை அம்மா அதற்கு மதிப்பெண் போடவில்லை. வகுப்பில் உரக்கப் படித்துவிட்டு, "உட்கார்ந்து முழுதாக எழுதிக்கொண்டு வா" என்றார்கள். அவள் எழுதவில்லை. "வந்து பாருங்க டீச்சர்" என்றாள்.

ஆகவே போய்ப் பார்த்தோம். தலைமை ஆசிரியை அருட்சகோதரியின் அனுமதியோடும், இரண்டு ஆசிரியைகள் துணையோடும், ஒரு சனிக்கிழமை காலை எங்களில் எட்டுப் பேர் அவளுடைய ஊருக்குப் பேருந்து ஏறினோம். சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஊர் அது. பெயரைச் சொல்லவில்லை. அங்கிருந்து இங்கே படிக்க வருவோர் பலர். அவர்கள் வீட்டார் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள்.

பேருந்து நிற்கும் இடத்திலிருந்தே லாரிகள் வரிசை தெரிந்தது. ஒரு தோப்பின் நடுவே ஓட்டுக் கொட்டகை, அதற்குள் மோட்டார், வெளியே ஆள் உயரத்துக்கும் மேலே வளைந்து நிற்கும் இரும்புக் குழாய். ஒரு லாரி நகர்ந்ததும் அடுத்தது அதன் கீழே வந்து நிற்கிறது. சிந்திய தண்ணீரில் பாதை முழுவதும் சேறு. நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். வந்த லாரிகளை எண்ணத் தொடங்கினோம். வெயில் ஏறியதும் நிறுத்திவிட்டோம். அதே பாதையில் இருநூறு அடி தள்ளி ஊராட்சியின் சின்டெக்ஸ் தொட்டி. அதன் கீழே குடங்கள் வரிசை. நீலம், பச்சை, சிவப்பு; ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயின்டால் ஓர் எழுத்து. அங்கே குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

தோழியின் தாயார் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து நீர்மோர் கொடுத்தார். அவர் ஐம்பது வயதைத் தொடுபவர். சிறுவயது முதல் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். "முன்ன சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு போகமும் நடவு இருக்கும்மா. கை காஞ்ச நாளே கெடையாது. இப்ப நெலம் இருக்குது, கெணறு இருக்குது, தண்ணியும் இருக்குது. வேலதான் இல்ல" என்றார். வயல் இருந்த இடத்தில் இன்று சவுக்குக் கன்று நிற்கிறது. சவுக்குக்கு நடவாள் வேண்டாம், களையாள் வேண்டாம். வெட்டுகிற நாள் வரை அது தானாக நிற்கும். கிணற்றுக்காரருக்குத் தண்ணீர்ப் பணம் வருகிறது. கிணறும் இல்லாமல் நிலமும் இல்லாமல் அந்த நிலத்தின் வேலையை மட்டும் நம்பியிருந்தவருக்கு என்ன வருகிறது? தண்ணீர் வியாபாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாங்குகிறவரையும் விற்கிறவரையும் பற்றித்தான் பேசுகிறார்கள். மூன்றாவது ஓர் ஆள் இருப்பது அந்தத் திண்ணையில் உட்கார்ந்த பிறகே எங்களுக்கு உறைத்தது.

தண்ணீர் விற்கும் பெரியவரையும் பார்த்தோம். கோபத்தோடுதான் போனோம். அவர் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, "கேளுங்கம்மா, ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்று எதிரே உட்கார்ந்துகொண்டார். நெல்லுக்கு ஆகும் கூலி, உரம், வட்டி எல்லாவற்றையும் விரல் விட்டுச் சொன்னார். "நெல்லு வச்சா கடன் மிஞ்சுது. தண்ணிய வித்தா பசங்க படிக்குது. நான் மட்டும் நிறுத்திட்டா பக்கத்துக் கொல்லக்காரன் நிறுத்துவானா? ரெண்டு பேருக்கும் கீழ இருக்கறது ஒரே தண்ணிதானே" என்றார். கோபம் பாதி குறைந்துதான் திரும்பினோம். ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம் எங்களை விடவில்லை. கீழே இருப்பது ஒரே தண்ணீர் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

தெரியாதது சட்டத்துக்குத்தான். வணிகவியல் ஆசிரியை எங்களுக்கு விளக்கிய செய்தி இது. நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டில் வெள்ளையர் இயற்றிய வசதியுரிமைச் சட்டம் ஒன்று உண்டு. தன் நிலத்துக்கு அடியில், வரையறுத்த கால்வாயில் ஓடாமல் ஊறிக் கிடக்கும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்து வேண்டியபடி பயன்படுத்திக்கொள்ள நிலச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு என்கிறது அது. இந்தக் கருத்துக்கு முன்னோடி 1843-இல் இங்கிலாந்தில் வந்த ஒரு தீர்ப்பு. ஒரு நூற்பாலைக்காரரின் கிணறு, அண்டை நிலத்தில் தோண்டிய நிலக்கரிச் சுரங்கத்தால் வற்றிப்போயிற்று. அண்டைக்காரர் தம் நிலத்தில் தோண்டினார், அது அவர் உரிமை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. நிலத்தடி நீர் எப்படி நகர்கிறது என்று அந்நாளில் யாருக்கும் சரிவரத் தெரியாது. அதை ஒரு மறைபொருள் போலவே கருதினார்கள். அது போகட்டும். அந்த நாளில் ஏற்றமும் கவலையும் வைத்து இறைத்தவர் எவ்வளவு எடுத்துவிட முடியும்? மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். மோட்டாருக்கு ஏது களைப்பு? மாட்டின் களைப்பை நம்பி எழுதிய சட்டத்தை மோட்டார் காலத்திலும் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே எங்கள் குறை.

ஓர் இளநீரில் இருவர் குழல் போட்டு உறிஞ்சினால், "என் குழலில் வந்தது மட்டுமே நான் குடித்தேன்" என்று ஒருவர் சொல்வதில் பொருள் உண்டா? மண்ணுக்கு அடியிலும் அதுதான் நடக்கிறது. ஒரு கிணற்றில் விடாமல் இறைக்கும்போது அதைச் சுற்றிலும் நீர்மட்டம் புனல் போலக் குழிந்து இறங்குகிறது. பெரிய மோட்டாராக இருந்தால் அந்தப் புனல் வேலியைத் தாண்டி அண்டை வீட்டுக் கிணறு வரை அகலும். அண்டை வீட்டார் இன்னும் ஆழமாகத் துளை போட வேண்டும்; அதற்குப் பணம் இல்லாதவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மறைக்கல்வி வகுப்பில் ஈசாக்கின் வேலையாட்கள் தோண்டிய கிணறுகளுக்காக இடையர்கள் சண்டையிட்ட கதையைப் படித்திருக்கிறோம். அந்தச் சண்டை கண்ணுக்குத் தெரிந்த சண்டை. இந்தச் சண்டையில் சத்தமே இல்லை.

வட சென்னைப் பகுதியில் வாழும் நமக்கு இதற்கு உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. மீஞ்சூரையே பார்க்கலாம். 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. மண்ணுக்கு அடியில் நல்ல நீர் நிறைந்திருப்பது தெரிந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் வரிசையாகக் கிணறுகள் இறங்கின. சென்னை நகருக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்து நீர் போயிற்று. உழவர்களும் இறைத்தார்கள். கடலோரத்தில் நன்னீர் என்பது உப்புநீரின் மேல் மிதந்து நிற்பது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே அந்த 1 அடி குறைந்தால், காலப்போக்கில் கீழே உப்பு 40 அடி ஏறிவிடும். இறைக்கிறவர் கண்ணுக்கு 1 அடிதான் தெரியும். கீழிருந்து ஏறிவரும் 40 அடி தெரியாது. மீஞ்சூரில் கடல் இப்படித்தான் நிலத்துக்கு அடியில் நடந்து பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. நன்னீர்க் கிணறுகள் உவர்க் கிணறுகளாயின. ஒரு முறை உப்பேறிய மணலை மீண்டும் கழுவி எடுப்பதற்கு எத்தனை மழை வேண்டுமோ! இதற்குப் பிறகு 2010-இல் அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. நிலத்துக்கு அடியில் இலவசமாகக் கிடந்த நன்னீரில் கடலைக் கலக்கவிட்டு, பின் மின்சாரம் செலவழித்துக் கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிறோம். நகரத்துக்கு அந்த ஆலை வேண்டும்தான். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மீஞ்சூரில் உப்பேறிய கிணறு வைத்திருப்பவருக்கு அது சிரிப்பை வரவழைக்கும் செய்திதான்.

ஒரு கிராமம் எழுந்து நின்று, "இது யாருடைய தண்ணீர்?" என்று நீதிமன்றத்தையே கேட்ட கதையும் உண்டு. பொள்ளாச்சியிலிருந்து எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் சிறிது தூரம் சென்றால் பிளாச்சிமடை. பாலக்காடு மாவட்டம், பெருமாட்டி ஊராட்சி. எரவாளர், மலசர் முதலிய பழங்குடியினரும் தமிழ் பேசும் குடும்பங்களும் வாழும் எல்லையோரச் சிற்றூர். அங்கே 2000-ஆம் ஆண்டில் கோக்கா-கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை இயங்கத் தொடங்கியது. சில மாதங்களிலேயே அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர் குறைந்தது. இருந்த நீரும் சோறு வேகாத நீராக, குளித்தால் உடம்பு அரிக்கும் நீராக மாறியது என்று பெண்கள் முறையிட்டார்கள். மழை பொய்த்ததே காரணம் என்றது நிறுவனம். மழையும் அந்த ஆண்டுகளில் குறைவாகத்தான் பெய்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மழை குறைந்த காலத்தில் யார் முதலில் நிறுத்த வேண்டும்? குடம் வைத்திருப்பவரா, ஆலை வைத்திருப்பவரா?

2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன் நின்றவர்களில் ஒருவர் மயிலம்மா. எரவாளர் குலத்தைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பில்லாத விதவைத் தாய். ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2003 டிசம்பர் 16 அன்று தனி நீதிபதி அளித்த தீர்ப்பில், நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர், நிலம் தன்னுடையது என்பதற்காக ஒருவர் அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ள முடியாது என்றார். 2004 மார்ச் மாதத்தோடு ஆலை நின்றது. அத்துடன் கதை முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு நல்ல முடிவு கிடைத்திருக்கும். 2005-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை ஆலை எடுத்துக்கொள்ளலாம் என்றது. வழக்கு உச்சநீதிமன்றத்தை அடைந்து பல்லாண்டு கிடந்தது. 2017-இல், அங்கே ஆலையை மீண்டும் தொடங்கும் எண்ணமில்லை என்று நிறுவனமே சொல்லிவிட்டது. வழக்கு முடிந்தது, யாருடைய தண்ணீர் என்ற கேள்விக்கு உச்சநீதிமன்றத்தின் விடை கிடைக்காமலேயே முடிந்தது. கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-இல் அங்கு நேர்ந்த இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-லேயே காலமாகிவிட்டார்.

நம் மாநிலத்தில் சட்டமே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். சென்னைக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் 1987-இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. லாரியில் நீர் ஏற்றிச் செல்ல உரிமம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாநிலம் முழுமைக்குமாக 2003-இல் ஒரு சட்டம் வந்து, 2013-இல் ரத்தாயிற்று. வணிகத்துக்காக நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த 2014-இல் போடப்பட்ட அரசாணை செல்லும் என்று 2018 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே தண்ணீர் லாரிகளும் கேன் தண்ணீர்க்காரர்களும் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது நம் பள்ளி எத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்று அலுவலகத்தில் கேட்டோம். "ரெண்டு நாள். மூணாம் நாள் சிஸ்டர் ஃபோனும் கையுமா நின்னாங்க" என்று பதில் வந்தது. லாரிக்காரர்களின் பலம் என்னவென்று அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துகொண்டோம். அவர்களுடைய பலம் நாம்தான்.

இதையெல்லாம் எழுதி வகுப்பில் படித்தபோது ஒரு சங்கடம் நேர்ந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "எங்கப்பா அந்த லாரிதான் ஓட்டறார். லாரி நின்னா எனக்கு ஃபீஸ் யாருடி கட்டறது? நீயா?" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். நடவு வேலை இழந்த தாயின் மகளும், லாரி ஓட்டும் தந்தையின் மகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். அன்று மதியம் இருவரும் தனித்தனியே சாப்பிட்டார்கள். முதலில் நாங்கள் எழுதியிருந்த "லாரிகளை ஒழிப்போம்" என்ற வரியை அன்றே அடித்துவிட்டோம். பயந்து அடிக்கவில்லை. 2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் காய்ந்து கிடந்தபோது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டி வண்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீரை ரயிலில் கொண்டுவந்தார்களே, அந்த நாள்களில் தெருத்தெருவாய்க் குடம் நிரப்பியவையும் லாரிகள்தாம். லாரி வேண்டியதுதான். எந்த ஊரில், எவ்வளவு, யாரைக் கேட்டு நிரப்புகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். 2019-இல் தொடங்கிய மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின்படி கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் கொடுக்க வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு 135 லிட்டர் என்பது திட்டக் கணக்கு. ஒரு கணம் நின்று இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். தண்ணீர் இருக்கும் ஊர்க்காரருக்கு 55. அதை வாங்கும் ஊர்க்காரருக்கு 135. நம் பின்வாசலில் நிற்கும் ஒரு லாரியின் 12,000 லிட்டர், அந்த ஊரில் 218 பேருக்கு ஒரு நாள் நீர். பிளாச்சிமடையில் அனுமதித்த 5 லட்சம் லிட்டர், 9,000 பேருக்கு மேல். நாங்கள் பார்த்த குடங்களின் கழுத்தில் இருந்த எழுத்துக்களை நினைத்துக்கொண்டு இந்த வகுத்தலைச் செய்தோம்.

இனி நம் கூரையைப் பார்ப்போம். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். சென்னைப் பகுதியில் சராசரியாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. பிரதான கட்டடத்தின் மொட்டைமாடியை நாங்கள் சங்கிலி பிடித்து அளந்தோம். ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வந்தது. அப்படியானால் ஓராண்டில் அதன்மேல் விழுவது 14 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகியும் சிதறியும் போகட்டும். மீதி 11 லட்சத்துக்கு மேல். 93 லாரிகள்! இவ்வளவும் எங்கே போகிறது? முன்வாசல் சாலைக்குப் போகிறது. அங்கே முழங்கால் அளவு நிற்கிறது. அதில் நாம் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, லாரித் தண்ணீரில் கால் கழுவுகிறோம். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய நகரம் நான்கே ஆண்டுகளில் ரயிலில் தண்ணீர் வாங்கியதும் இந்தக் கதையின் பெரிய வடிவம்தான்.

2003-இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நம் பள்ளியும் அமைத்தது. உணவுக்கூடத்தின் மூலையில் இருக்கும் சிமென்ட் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். உள்ளே வேப்பஞ்சருகு, மணல், இரண்டு டென்னிஸ் பந்து, ஒரு டிபன் பாக்ஸ் மூடி. மாடியிலிருந்து இறங்கும் குழாய் குழிக்கு ஒரு முழம் முன்பே உடைந்திருக்கிறது. கட்டியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். குறை சொல்லவில்லை, எங்கள் வீடுகளிலும் இதே நிலைதான். பெற்றோர்கள் இதைப் படிக்கும்போது தங்கள் வீட்டு மூடியையும் ஒருமுறை தூக்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சிற்றாலயத்துக்குப் பின்னால் கம்பி வலை போட்டு மூடிய கிணறு ஒன்று இருப்பது புதிய மாணவியருக்குத் தெரியாது. அந்நாளில் போர்டிங் பிள்ளைகள் அறுபது பேரும் அதில்தான் இறைத்துக் குளிப்பார்களாம். ராட்டினத்துக்கு எண்ணெய் போடுவதற்கென்றே ஒரு முறை வைத்திருந்ததாகவும், முறை தவறியவள் காலை ஜெபத்தில் ராட்டினக் கிறீச்சொலியால் மாட்டிக்கொள்வாள் என்றும் வயதான சகோதரி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது, பிறகு அது உவர்ந்தது, பிறகு லாரி வந்தது. குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதென்று மூடிய கிணற்றில் மெல்ல மெல்லக் குப்பை விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். குப்பைக்கு நடுவே ஓர் இடத்தில் வெளிச்சம் திரும்பி வந்தது. தண்ணீர் இருக்கிறது.

இன்னொன்றைச் சொல்ல மனம் கூசுகிறது. சென்ற ஆண்டு விழாவுக்கு விருந்தினருக்கென்று பெட்டி பெட்டியாக பாட்டில் தண்ணீர் வாங்கினோம். மறுநாள் அரங்கைப் பெருக்கிய ஆயாம்மாவுக்கு உதவியாக நின்ற நாங்கள், பாதி குடித்து விட்டுப்போன பாட்டில்களை வாளியில் ஊற்றினோம். பதினோரு வாளி நிறைந்தது. அந்த பாட்டில்களை நிரப்பும் ஆலைகளிலும் நிலத்தடி நீரைத்தான் இறைத்து வடிகட்டுகிறார்கள். வடிகட்டும்போது கழிவாகும் நீர் வேறு தனி. செடிகளுக்கு ஊற்றிவிட்டோம், வீணாக்கவில்லை என்று அன்று எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஊருக்குப் போய்வந்த பிறகு அந்தப் பெருமை இல்லை.

எங்கள் கருத்து இதுதான். நிலத்தின் பட்டாவோடு அதற்கு அடியில் உள்ள நீரையும் சேர்த்து ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும் பழைய சட்டம் மாற வேண்டும். குடிக்கவும் பயிருக்கும் எடுப்பதற்கு ஒரு நீதி, விற்பதற்கு எடுப்பதற்கு வேறு நீதி என்று இருக்க வேண்டும். விற்க எடுப்பவரின் குழாயில் அளவுமானி வேண்டும். அதன் எண்ணைக் கிராம சபையில் படிக்க வேண்டும். குடம் தூக்குகிறவர்களும் நடவாட்களும் அந்தச் சபையில் உட்கார்ந்து, இந்தக் கோடையில் இத்தனை லாரிக்கு மேல் கூடாது என்று சொல்ல முடிய வேண்டும். விற்ற பணத்தில் ஒரு பங்கு ஊரின் ஏரியைத் தூர்வாரப் போக வேண்டும். நாங்கள் பார்த்த ஏரியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இதைச் சட்டமன்றத்தில் சொல்ல எங்களுக்கு வயதில்லை; வாக்களிக்கும் பெற்றோர்கள் சொல்லலாம்.

நம் பள்ளியால் ஆகக்கூடியதைத் தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் எழுதிக் கொடுத்தோம். கிணற்றைத் தூர்வாருவது, உடைந்த குழாயைச் சேர்ப்பது, ஆண்டு விழாவில் பானையும் டம்ளரும் வைப்பது, லாரிக்காரரிடம் நீர் எடுத்த ஊரின் பெயரை ரசீதில் எழுதி வாங்குவது. பானைக்கு உடனே சம்மதித்தார்கள். கிணற்றுக்கு ஆள் வைத்து விலை கேட்டிருக்கிறார்கள். விலை சிறிது அதிகம் என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். குழாயை லாரி ஓட்டும் அந்தத் தந்தையே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கூலி வாங்காமல் பூட்டிக் கொடுத்தார். அவர் மகளும் அந்தத் தோழியும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ரசீதுகள் இப்போது எங்கள் வகுப்புக் கோப்பில் இருக்கின்றன. முதல் இரண்டில் ஊரின் பெயர் எழுதியிருக்கிறது. ஒன்று அவளுடைய ஊர். மூன்றாவதில் "லோக்கல்" என்று போட்டிருக்கிறது. எந்த லோக்கல் என்று கேட்டு அனுப்பியிருக்கிறோம்.